வார்னிஷ் ஒட்டாத தரை

மூன்றாம் தடவையும் உரிந்து வந்தது,
வெயில் பட்ட முதுகுத் தோல் மாதிரி,
ஒரே இழுப்பில்.
டெரன்ஸ் ஹாலொரன் முழங்காலில் இருந்தபடியே
விரலை மூக்கருகே கொண்டுபோனார்.
"நூற்றைம்பது வருஷத்து ஆட்டு நெய்.
பலகை வயிறு நிறையக் குடித்திருக்கிறது.
இனி எதுவும் உள்ளே இறங்காது."
அன்றைய கூலியில் பாதிதான் வாங்கினார்.

பென்ஸ்ஹர்ஸ்டுக்கு வடக்கே
எரிமலை துப்பிய கருங்கல் கிடக்கும் மேய்ச்சல் வெளி.
அதில் கம்பளி கத்தரிக்கும் கொட்டகை ஒன்றை
நானும் தயாபரனும் வாங்கினோம்.
பத்திரத்தில் அதற்குப் பெயர் 'இதர கட்டடம்'.
வங்கியில் கடன் கேட்கப் போனால்
படுக்கையறை எத்தனை என்றார்கள்.
ஒரே இரவில் அறுநூறு உயிர் படுத்த இடம் என்றான் இவன்.
அவர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

மரபுரிமைக் குழுவிலிருந்து மோரீன் வந்தார்.
தொடக்கூடாதவை:
கல் சுவர், கூரையின் சரிவு, பொதி அமுக்கும் இயந்திரம்,
கிழக்குப் பலகைச் சுவரில் கரியால் கிறுக்கிய எல்லாம்.
ஒட்டிக் கட்டலாம். ஆனால்
புதியது புதியதாகவே தெரிய வேண்டும்,
பழையதுபோல் வேடம் போடக்கூடாது.
கடிதத்தில் அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன்.
இருபத்திரண்டு வருஷமாக இந்த நாட்டில்
இப்படி யாரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

வாசலில் பதிக்க அவர் கொடுத்த பித்தளைத் தகடு
1871இல் தொடங்கியது.
அதற்கு முன் இங்கே யார் என்று கேட்டேன்.
தகட்டில் இடம் போதாது என்றார்.
சொன்னதும் அவருக்கே முகம் சிவந்தது.

ஆகவே நாலு மீட்டர் கண்ணாடி நடை,
அதற்கப்பால் கறுப்புத் தகரம் போர்த்த ஒரு பெட்டி,
நாங்கள் தூங்கவும் குளிக்கவும்.
கண்ணாடி வந்த நாலாம் நாள்
பக்கத்துப் பண்ணைக் கிடா வேலி தாண்டி வந்து
தன்னைப்போலவே ஒருத்தன் நிற்கக் கண்டது.
மூவாயிரத்து எண்ணூறு டொலர்.

மயிர் இழந்த ஆடுகளை வெளியே தள்ளிய
ஐந்து துவாரங்களும் இப்போது யன்னல்கள்,
கெண்டைக்கால் உயரத்தில்.
குளிர்காலத்துச் சூரியன்
தவழ்ந்துதான் உள்ளே வரும்.

சண்டை கிழக்குச் சுவரால் வந்தது.
பாத்திரம் கழுவுகிற எனக்கு
முன்னால் ஒரு யன்னல் வேண்டும், மலை தெரிய வேண்டும்.
சுவரிலோ இடமில்லை:
டாட், 141. ஒக்கீஃப், 138.
மழை.
மழை.
மழை.
நனைந்த ஆட்டைக் கத்தரிக்க மாட்டார்கள்,
கூலியும் கிடையாது.
அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிதாக,
சமையற்காரன் நாசமாய்ப் போக.

மூன்று வாரம் வரைபடத்தைச் சுருட்டினோம், விரித்தோம்,
வாடகைக் கேரவனில் முகம் பாராமல் சாப்பிட்டோம்.
சுவர் ஜெயித்தது.
மலையைப் பார்க்க நான் குளியலறைக்குப் போக வேண்டும்.
மோரீன் சொன்னபடி கண்ணாடி போட்டு மூடிய
அந்த வசவுக்கு நேர் கீழே அடுப்பு.
இந்த வீட்டில் சமைப்பவன் தயாபரன்.
கடுகு வெடிக்கையில் நிமிர்ந்து பார்த்து
"இன்றைக்குமா?" என்பான்.

தரையை அப்படியே விட்டுவிட்டோம்.
ஜனவரியில் நாற்பது பாகை அடிக்கிற நாட்களில்
அது வியர்க்கும்.
வீடு முழுக்க ஆட்டுவாடை.
விருந்தினர் நாகரிகமாய்க் கதவுப் பக்கம் நகர்வார்கள்.

மார்ச்சில் ஒரு காலை,
ஹாமில்டன் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து
சப்பாத்தைக் கழற்றிக் காலைத் திருப்பிப் பார்த்தேன்.
வருஷக்கணக்காய் வெடித்துக் கிடந்த குதிகால்
மூடியிருந்தது.
நான் எதுவும் தடவவில்லை.